மகளுக்குச் சீரியஸ் என்று போன் வந்தது

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அடுத்தவர் கழனியில் களை பிடுங்கிய கை இது. இன்று புதுவாயலில் ரோட்டோரம் என் ஷெட் நிற்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கம்பெனிகள் வெளிநாட்டுக்கு மெஷின் அனுப்புவதென்றால் மரப்பெட்டிக்கு என்னிடம்தான் வருவார்கள். என்னைக் கூலிக்கு வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் பார்க்காத தேசமெல்லாம் என் பெட்டி பார்த்திருக்கிறது. யார் கையையும் பிடித்துக்கொண்டு நான் மேலே வரவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது.

இங்கிலீஷும் நானாகச் சம்பாதித்ததுதான். கம்பெனி ஸ்டோர் வாசலில் கால் கடுக்க நின்று, உள்ளே பேசுவதைக் காதால் பிடித்தது. இங்கிலீஷ் என்றால் நிறைய வார்த்தை தெரிய வேண்டும் என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இருக்கிற பத்து வார்த்தையில் எந்த இடத்தில் எதை எடுத்துப் போடுவது என்று தெரிந்தால் போதும். என் ஆள் ஒருவன் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு, வழியை மறித்து நின்ற ஆபீசரிடம் “சாரி சார், சாரி சார்” என்று கத்தினான். அவர் பதறிப்போய் முதலில் தன் சட்டையைப் பார்த்தார், பிறகு பின்னால் இருந்த மெஷினைத் தடவிப் பார்த்தார். “வாட் ஹேப்பண்ட், வாட் ஹேப்பண்ட்” என்கிறார். நான்தான் இவனைத் தனியாக இழுத்துச் சொன்னேன்: “இடிக்கிறதுக்கு முன்னாடி எக்ஸ்கியூஸ் மீ. இடிச்சப்புறம்தான்டா சாரி. மாத்திப் போட்டா இன்னா ஒடச்சேன்னு தேடுவாங்க.”

அதே மாதிரி, பெட்டி இன்னும் ஆணி அடிபடாமல் கிடக்கும்போது கம்பெனியிலிருந்து போன் வந்தால் “நாட் ரெடி” என்று சொல்லக் கூடாது. “ஆன் தி வே சார்” என்று சொல்ல வேண்டும். லாரி கிளம்பவில்லை என்று அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். மேற்கொண்டு அவர் கேட்க மாட்டார். ஒருவர் முகம் இன்னொருவர் முன்னால் வாடாமல் இருக்க, இப்படிச் சில வார்த்தைகளை நாம் வைத்திருக்கிறோம்.

இதையெல்லாம் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. போன வருஷம் என் மகளிடம் போய்ச் சேர எனக்கு ஒரு நாள் தாமதமானது. அந்த ஒரு நாள் எங்கே போனது என்று என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதை எழுதி வைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

எனக்கு ஒரே மகள். டிப்ளமோ படித்து, ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலைக்குப் போனாள். அங்கே ஒடிசாவிலிருந்து வந்த எலக்ட்ரீசியன் ஒருவனைப் பிடித்துப்போய்விட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. “ஒடிசாக்காரன்கிட்ட நான் இன்னா பாஷை பேசறது?” என்று கேட்டேன். “நீதான் இங்கிலீஷ்ல பொளந்து கட்டுவியே நைனா, பேசு” என்றாள். பேசினேன். அவனுக்குத் தமிழ் கொஞ்சம், இங்கிலீஷ் கொஞ்சம். எனக்கு ஒடியா கிடையாது, இந்தி கிடையாது. இருவருமே இருக்கிற பத்து வார்த்தையை வைத்துப் பிழைப்பவர்கள் என்பதால் ஒத்துப்போனது. என்னை டாடி என்பான். நல்ல பிள்ளை. கல்யாணத்தை நான்தான் நடத்தி வைத்தேன், மண்டபம் கொள்ளாத கூட்டம். பிறகு அவன் அம்மாவுக்கு முடியவில்லை என்று கட்டாக் பக்கம் வேலை தேடிக்கொண்டு இருவரும் அங்கே போய்விட்டார்கள்.

ஒரு வாரமாகக் காய்ச்சல் என்றாள். “சாதா ஜொரம்தான் நைனா, பேஜார் பண்ணிக்காத” என்று அவளே போனில் சொன்னாள். ஒருநாள் காலையில் ஷெட்டில் மரம் இறக்கிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை கூப்பிட்டான்.

“டாடி, ஷீ இஸ் சீரியஸ். ப்ளீஸ் கம். கம் ஃபாஸ்ட்.”

இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவைப் போனில் சொல்ல மாட்டோம். என் ஷெட்டில் வேலை செய்கிறவனுக்கு ஊரில் அப்பா இறந்துவிட்டால் தகவல் எனக்குத்தான் வரும். நான் அவனைக் கூப்பிட்டு, “ஒங்கப்பாக்கு சீரியஸ்ஸாம்டா, கெளம்பு” என்பேன். கூட ஒரு ஆளையும் பைக்கில் அனுப்புவேன். ஆள் கூட வருவதைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்துவிடும். எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார் என்று எதுவும் கேட்க மாட்டான். பாதி வழியில் தானாக அழ ஆரம்பிப்பான். வீட்டு வாசலில் சாமியானாவைப் பார்க்கும்போது அவன் பாதி தேறியிருப்பான். சீரியஸ், உடனே வா என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னால், எங்கள் ஜனத்தில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. நானே எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நல்ல முறையாகச் சொன்னீங்க முதலாளி என்று பிற்பாடு கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே மாப்பிள்ளை அதைச் சொன்னதும் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. நம் ஊரில் இருந்த பிள்ளை, நம் முறையைத் தெரிந்து வைத்திருக்கிறான் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. “ஓகே. ஓகே. வீ ஆர் கமிங்” என்றேன். போனை வைத்துவிட்டு, இறக்கிப் போட்டிருந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்தேன்.

வீட்டில் என் மனைவியிடமும் அதைத்தான் சொன்னேன். சீரியஸ் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், தரையில் சாய்ந்துவிட்டாள். தெருப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அவளுக்கு முட்டியில் ஆபரேஷன் செய்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எழுந்து நிற்கவே ஒரு ஆள் வேண்டும். இந்த நிலையில் அவ்வளவு தூரம் எப்படி அழைத்துப் போவது என்று எல்லோரும் சேர்ந்து அவளை நிறுத்திவிட்டார்கள்.

ஆபீசில் கணக்குப் பார்க்கும் பெண் ஓடி வந்தாள். “சார், மத்தியானம் புவனேஸ்வருக்கு ஃப்ளைட் கீது சார். ஒரு டிக்கெட் கெடைக்கும். நீங்க மட்டும் போங்க. சாயங்காலம் அங்க இருப்பீங்க.”

என் மனைவியின் தம்பி, என் மச்சான், அழுதுகொண்டே அவளைத் தடுத்தான். அவன்தான் என் மகளுக்குத் தாய்மாமன். “தனியா போய் மாமா இன்னாம்மா பண்ணும்? எல்லாம் முடிஞ்சிச்சி. அவசரப்பட்டு இன்னா ஆவப்போவுது? மொறையோட போவோம். பொறந்த ஊட்டுக் கோடி இல்லாம எம்பொண்ண எடுத்துருவாங்களா?”

கட்டிக்கொடுத்த பெண் சுமங்கலியாகப் போய்விட்டால், பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை போக வேண்டும். அதைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். எனக்கும் அவன் சொன்னதுதான் சரியென்று பட்டது. கடை திறக்கும் வரை காத்திருந்தோம். கடைக்காரர் இரண்டு மூன்று சாதாப் புடவைகளை எடுத்துப் போட்டார். “யாருக்குக் காட்டற நீ? என் பொண்ணுக்கு. பட்டு எடு” என்றேன். அரக்கு நிறத்தில், பச்சைக் கரை வைத்தது. அந்தக் கடையில் இருந்ததிலேயே உயர்ந்தது அதுதான். அன்று சாயங்காலம் நானும் மச்சானும் சென்னைக்குப் போய் ரயில் ஏறினோம்.

ரயில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நிற்காமல் போனது. என் மகள் ஆறு வருஷம் வேலைக்கு ஏறி இறங்கிய பிளாட்பாரம். மச்சான் அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வழியெல்லாம் மாப்பிள்ளை போன் செய்துகொண்டிருந்தான். நான் எடுக்கவில்லை. மச்சான்தான் எடுத்தான்.

“எங்க வந்துகினு கீறோம்னு கேக்கறான் மாமா. ‘வெயிட்டிங், வெயிட்டிங்’னு சொல்றான்.”

“நமக்காகத்தான் எடுக்காம வெச்சினு கீறாங்க” என்றேன்.

“அழுவவே மாட்றான் மாமா. பல்லக் கடிச்சிக்கினு கீறான். பாவம்.”

வந்த ஒவ்வொரு வார்த்தையும் நாங்கள் நினைத்ததற்குப் பொருந்தியது. இதில் பொருந்தாத வார்த்தை எது என்று இன்றுவரை தேடிப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை.

மறுநாள் பிற்பகல் கட்டாக்கில் இறங்கினோம். ஸ்டேஷனுக்கு வெளியே மச்சான் ரோஜா மாலை ஒன்று வாங்கினான். வீட்டுக்குப் போவதா, வேறு எங்கே போவது என்று போனில் கேட்டபோது மாப்பிள்ளை “ஹாஸ்பிட்டல்” என்றான். இன்னும் அங்கேயே வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டோம்.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் நின்றிருந்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், ஆளே பாதியாக இருந்தான். என்னைப் பார்த்ததும் காலைத் தொட்டான். நான் அவனைத் தூக்கி அணைத்துக்கொண்டு, என் இங்கிலீஷில் கேட்டேன்.

“வேர் இஸ் பாடி?”

அவனுக்குப் புரியவில்லை. “வாட், டாடி?”

“பாடி. மை டாட்டர் பாடி.”

அவன் என்னைப் பார்த்தான். மச்சான் கையில் இருந்த மாலையைப் பார்த்தான். என் தோளில் தொங்கிய ஜவுளிக்கடைப் பையைப் பார்த்தான். அங்கேயே, ஆட்டோ போகிற வழியில், தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“ஷீ இஸ் டாக்கிங், டாடி. எஸ்டர்டே ஃபுல் டே, ஷீ இஸ் ஆஸ்கிங். வேர் நைனா, வேர் நைனா.”

மச்சான் மாலையைச் சுருட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். அதை எங்கே போட்டான் என்று நான் கேட்கவில்லை.

உள்ளே ஒரு ஆளைத்தான் விட்டார்கள். செருப்பைக் கழற்றி, பச்சைத் துணி போர்த்திக்கொண்டு போனேன். மூக்கில் குழாய், கையில் குழாய். உடம்பு ஊதியிருந்தது. கிட்னி நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். ஆனால் கண் என்னைத் தேடிக்கொண்டிருந்தது.

“இன்னா நைனா, இவ்ளோ லேட்டு?”

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எங்கள் ஊரில் வளர்ந்த பெண் அல்லவா, அவளுக்குப் புரிந்துவிட்டது.

“நைனா. நான் பூட்டேன்னு நெனச்சிக்கினு வந்தியா?”

“சீ, வாயக் கழுவு.”

“அய்யோ நைனா!” என்று சிரித்தாள். சிரிப்பு இருமலானது. அடங்கியதும், மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: “நான்தான் அவர சீரியஸ்னு சொல்லச் சொன்னேன். டாக்டர் கிரிட்டிகல்னு சொன்னாரு. அவரு எத சொல்லட்டும்னு கேட்டாரு. கிரிட்டிகல்னா நைனாக்குப் பிரியாது, சீரியஸ்னே சொல்லுன்னேன். ஊர்ல அப்டிதான் சொல்லுவாங்கன்றதே மறந்து பூட்ச்சி எனக்கு.”

கிரிட்டிகல் எனக்குத் தெரியும். கம்பெனியில் பெட்டி ஆர்டர் வரும்போது அவசரமானவற்றின் பக்கத்தில் கிரிட்டிகல் என்று போட்டு அனுப்புவார்கள். கிரிட்டிகல் என்றால் மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் எடுப்போம். ஒருநாள்கூடத் தாமதமானதில்லை. அவன் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் நான் அந்த மத்தியான ஃப்ளைட்டில் ஏறியிருப்பேன். இதை அவளிடம் சொல்லவில்லை. “ஆமாம்மா, எனக்குப் பிரிஞ்சிருக்காது” என்றேன்.

“எனக்கு இன்னா கொண்டாந்த?”

எப்போது அவளைப் பார்க்கப் போனாலும் கேட்பதுதான். மீன் வறுவல், முறுக்கு, எதையாவது கட்டிக்கொண்டுதான் போவேன்.

“பொடவ” என்றேன். வேறு என்ன சொல்வது.

“இன்னா கலரு?”

“அரக்கு. பச்சக் கரை. பட்டு.”

“அய்ய, ஆஸ்பத்திரிக்கு யாராவது பட்டுப் பொடவ எடுத்தாருவாங்களா? நீ இருக்கியே. ஊட்டுக்குப் போய் கட்டிக்கிறேன்.”

வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டேன். பின்னால் பெண்கள் ஒப்பாரி வைப்பது கேட்டது. “ஏ, உயிரோட கீறாடி. பேசறா. நான் பார்த்தேன்” என்றேன்.

அவள் அழுகையை நிறுத்தவில்லை. “எனக்கு ஒண்ணு ஆயிரப்போவுதுன்னு பொய் சொல்றியாயா? வேணாம். என்னிய ஏமாத்தாத.”

“மெய்யாலுமே கீறாடி. சீரியஸ், ஆனா கீறா.”

சீரியஸ் என்றதும் ஒப்பாரி இன்னும் சத்தமானது. நான் நடைபாதையில் நின்றுகொண்டு, “கீறா, கீறா” என்று கத்துகிறேன். ஆஸ்பத்திரியில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். இத்தனை வருஷம் ஷெட்டிலும் கம்பெனியிலும் எவ்வளவோ பேசிச் சமாளித்திருக்கிறேன். இருக்கிற மகளை இருக்கிறாள் என்று சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை மிச்சமில்லை.

மாப்பிள்ளைதான் நர்சிடம் கெஞ்சினான். உள்ளே போனை எடுத்துப் போகக் கூடாது. அந்தப் பெண் அவனையும் என்னையும் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டது. வீடியோவில் போட்டுக் கட்டிலின் பக்கத்தில் பிடித்தேன்.

“அம்மோவ்.”

அந்தப் பக்கம் ஒப்பாரி நின்றது. பிறகு என் மனைவி பேசினாள். “அடி எம்மா. எம்மா. ஒனக்கு ஒண்ணும் ஆவாது. பெரியபாளையத்தாளுக்கு வேண்டிக்கினேன். வேப்பிலை கட்டிக்கினு கோயில சுத்தறேன்.”

“மொதல்ல அந்த முட்டிய வெச்சிக்கினு ஒழுங்கா நட. அப்பால சுத்தலாம்.”

“நீ வந்து புடிச்சிக்கோ, சுத்தறேன்.”

“வரேன் வரேன்.”

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். போனை எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையிலும் மகள் பேசினாள், ஆனால் பேச்சு குழறியது. ஒருமுறை என்னை ஷெட்டில் வேலை பார்க்கிறவன் என்று நினைத்துக்கொண்டு, நைனா எங்கே என்று கேட்டாள். இதோ இப்ப வந்துடுவாரு என்றேன். மத்தியானத்துக்கு மேல் எங்களை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே ஏதேதோ செய்தார்கள். பிறகு மாப்பிள்ளையை மட்டும் கூப்பிட்டார்கள்.

அவன் திரும்பி வந்து என் முன்னால் நின்றான். வாயைத் திறந்தான், மூடினான். நாங்கள் வந்த பிறகு எங்கள் ஊர் வழக்கத்தை அவள் அவனிடம் சொல்லியிருந்தாள். எந்த வார்த்தையைச் சொன்னால் நான் எதை நினைத்துக்கொள்வேனோ என்று அவனுக்குப் பயம். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “டாடி, நோ மோர்” என்றான். பிறகு, அது போதாது என்பது போல, அவனுக்குத் தெரிந்த தமிழில், “செத்துப் போச்சு” என்றான். சின்னப் பிள்ளை சொல்வது போல இருந்தது. அதன் பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.

நாங்கள் கொண்டுபோன புடவையைத்தான் உடுத்தினார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் வீட்டுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மச்சான் என் போனைப் பிடித்துக்கொண்டான். “அக்காக்கு இப்ப சொல்லாத மாமா. மோசமா கீது, சீரியஸ்னு சொல்லு. நாம போய்ச் சேந்து நேர்ல சொல்லிக்கலாம். ஊட்ல விழுந்து கிழுந்து வெக்கப்போவுது.”

அவன் சொன்னதுதான் முறை. வேறு யாருக்காவது என்றால் நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அங்கே ஒருத்தி, முட்டியில் தையலோடு, வேப்பிலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்ற நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சீரியஸ் என்று சொன்னால் அதையும் உண்மை என்று நம்புவாள். நாங்கள் போய்ச் சேரும்வரை வேண்டிக்கொண்டே இருப்பாள். போனைப் பிடுங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். பக்கத்தில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“இன்னாயா, எப்டி கீறா?”

“செத்துட்டாடி. இப்பத்தான். நான் வெளியே கீறேன், மாப்ள இப்பத்தான் வந்து சொன்னாரு.”

அவள் கத்தவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பக்கத்தில் யாரோ, இன்னாக்கா, இன்னாக்கா என்று கேட்டார்கள்.

“ஒனக்குத் தெரிஞ்சி சொல்றியா?”

“ஆமா.”

“கண் தொறந்திருந்துதா?”

“இல்ல. மூடிக்கினுதான் இருந்துதாம்.”

போன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். பிறகு சொன்னாள்:

“அந்தப் புள்ள நேத்துலருந்து இன்னா துன்னான்னு கேளு. ஒத்தையா அலஞ்சிக்கினு இருந்துக்கீறான்.”

மாப்பிள்ளை சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினான். மச்சான் டீயும் பன்னும் வாங்கி வந்தான். பன்னைப் பிய்த்து நான் ஒரு வாய் கொடுத்தேன், அவன் வாங்கிக்கொண்டான். போனில் அவள் இன்னும் இருந்தாள்.